வலது ஓரத்துச் சத்தம்

கொச்சி மட்டாஞ்சேரி வெங்காய மண்டியில் மூட்டை தூக்கும் சங்கிலிப்பாண்டிக்கு ஆண்டவன் கொடுத்த ஒரே சொத்து தொண்டை. அவர் இங்கே தும்மினால் வைப்பின் தீவுக்குப் போகும் படகில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பஜாரில் கேலி பேசுவார்கள். அந்தத் தொண்டையை அவர் ஒருவனுக்கே எழுதி வைத்திருந்தார். பஜார் பிரதர்ஸ் கால்பந்து அணியில் வலது ஓரம் ஓடும் அழகருக்கு.

அழகருக்குப் பந்து காலில் வந்துவிட்டால் உலகம் மறந்துபோகும். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கவே மாட்டான். இது தெரிந்த எதிரணிக்காரர்கள் கோட்டோரம் நின்று, "ஆளுண்டே!" என்று, பின்னால் ஆள் வருவதுபோல மலையாளத்தில் பொய்யாகக் கத்துவார்கள். அவனும் பதறிப் பந்தை விட்டுவிடுவான். பாண்டி அதற்கொரு வழி கண்டுபிடித்தார். நிஜமாகவே ஆள் நெருங்கினால் மட்டும் மைதான எல்லைக் கயிற்றை ஒட்டி நின்று, "முதுகு!" என்று தமிழில் ஒரு சத்தம். கேட்ட மாத்திரத்தில் அழகர் உள்ளே திரும்பிவிடுவான். வந்தவன் வெறும் மண்ணில் சறுக்குவான். பாண்டியின் சத்தம் வரவில்லையென்றால் முதுகுக்குப் பின்னால் யாருமில்லை. அப்புறம் யார் எந்த மொழியில் கத்தினாலும் அவன் காதில் வாங்க மாட்டான்.

எழுபத்தெட்டில் மழை விட்டதும் அழகர் தோப்பும்படி அணிக்குப் போய்விட்டான். அவர்கள் ஐஸ் கம்பெனியில் நிரந்தர வேலை வாங்கிக் கொடுத்தார்கள். பஜார் பிரதர்ஸ் அதுவரை கொடுத்தது மாலையும் பொறோட்டாவும்தான். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனானே என்று பாண்டிக்கு ஆறவில்லை.

"பிள்ளைகுட்டிக்காரன். வேலை குடுத்தாங்க, போனான். அதுக்கு நீங்க எதுக்குச் சோறு திங்காமக் கெடக்குறீங்க?" என்று மனைவி மாயம்மாள் திட்டினாள்.

"அவன் பேரை எடுக்காத" என்றார். அவனுக்காக இனி இந்த வாய் திறக்காது என்று பஜார் முழுக்கச் சபதமும் போட்டார்.

அடுத்த ஜனவரியில் தோப்பும்படி அணி மட்டாஞ்சேரிக்கு ஆட வந்தது. மஞ்சள் சட்டையில் அழகர் இறங்கியதும் மைதானமே கூவியது. நேற்றுவரை அவனைத் தோளில் தூக்கிச் சுமந்தவர்கள் செருப்பைத் தூக்கிக் காட்டினார்கள். பாண்டிக்கு அதைப் பார்க்கவும் பொறுக்கவில்லை, அந்த மஞ்சள் சட்டையைப் பார்க்கவும் பொறுக்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. அழகரின் வலது ஓரம் பாண்டி நின்ற கயிற்றோரமாக வந்தது. அவர் நகர்ந்து போயிருக்கலாம். போகவில்லை. தான் வாயை மூடிக்கொண்டு நிற்பதை அவன் பார்க்க வேண்டும் என்று ஓர் அற்ப ஆசை. அவன் பார்த்தான். பார்த்ததும் பழையபடி ஒரு சிரிப்பு சிரித்தான்.

கொஞ்ச நேரத்தில் அவன் காலுக்குப் பந்து வந்தது. தலையைக் குனிந்துகொண்டு ஓடினான். பஜார் அணியின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் பின்னாலிருந்து இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு பாய்வதை முதலில் பார்த்தவர் பாண்டிதான். அந்தச் சொல் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

எலும்பு முறிந்த சத்தம் கயிறு வரை கேட்டது. கூட்டம் கைதட்டியது.

பாண்டி கயிற்றுக்குள் குனிந்து நுழைந்து ஓடினார். நாலு பேர் அழகரை ஒரு பெஞ்சில் கிடத்தித் தூக்கினார்கள். பெஞ்சின் ஒரு பக்கத்தை அவரும் பிடித்துக்கொண்டார். முழங்காலுக்குக் கீழே கால் வேறு திசையில் திரும்பியிருந்தது. அந்தக் கால் இனி ஓடாது என்று பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துபோயிற்று. பெஞ்சைப் பிடித்தபடியே அழுதார்.

அழகர் எட்டி அவர் கையைப் பிடித்தான்.

"அழாதீங்கண்ணே. நீங்க சத்தம் குடுத்திருப்பீங்க. இந்தக் கூச்சல் பஹளத்துல எனக்குத்தான் கேக்கல்ல. இல்லையாண்ணே?"

ஆமாம் என்று பாண்டி தலையை ஆட்டினார்.