படிக்கட்டுப் பக்கத்து மைக்

லாரஸ் முதலில் அதைப் பூனை என்றுதான் நினைத்தாள். முந்தின நாள் லோத்தெங் கிளப்பில் பதிவு செய்த பாட்டுகளை ஒவ்வொரு தடமாகப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஹாலில் வைத்திருந்த மைக்கில் மட்டும் ஏதோ இழுத்தது. கிதாரை அடக்கினாள், டிரம்ஸை அடக்கினாள். பூனை இல்லை. ஒரு பெண். குழுவின் பாடகன் யாயான் பாடும் அதே பாட்டை, அவனுக்குக் கொஞ்சம் மேலே, சுருதி பிசகாமல் பாடிக்கொண்டிருந்தாள்.

பாண்டுங் நகரில் ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது லோத்தெங். அறுபது பேர் நின்றால் அறுபத்தொன்றாவது ஆள் படியில்தான் நிற்க வேண்டும். அங்கே எம்பெர் இசைக்குழு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், பகல் மூன்று மணிக்கு வாசித்தது. நான்கையும் பதிவு செய்து ஒரு ஆல்பம் போடுவதாகப் பேச்சு. எம்பெர் என்றால் வாளி. ஆரம்பத்தில் டிரம் வாங்க முடியாமல் வாளியைத் தட்டியவர்கள். லாரஸுக்கு வார நாட்களில் செவிப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அடுத்தவர் காதில் ஹெட்ஃபோனை மாட்டி, "சத்தம் கேட்டா கையத் தூக்குங்க" என்று சொல்லிச் சொல்லி பத்து வருஷம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஹெட்ஃபோன் அவள் காதுக்கு வரும். அவளுடைய கருவியில் எட்டுத் தடங்கள். குரலுக்கு ஒன்று, கிதார்களுக்கு இரண்டு, பேஸிலிருந்து நேரே வரும் வயர் ஒன்று, டிரம்ஸுக்கு இரண்டு. மிச்சமிருக்கும் இரண்டை அவள் மேடைக்குத் தருவதில்லை. உயரமான ஸ்டாண்டில் ஜோடி மைக் மாட்டி, கூட்டத்துக்குப் பின்னால் நிறுத்திவிடுவாள். மேடை மைக்குகளை மட்டும் கலந்தால் ஐந்து பேர் அலமாரிக்குள் உட்கார்ந்து வாசித்த மாதிரி இருக்கும். சுவரும் கூரையும் ஆளும் சேர்ந்தால்தான் அது லோத்தெங் என்பது அவள் கட்சி.

கடைசிப் பாட்டு 'பாலம்'. ஊரில் பாதிப் பேருக்கு மனப்பாடம். இரண்டாவது சரணத்தில் யாயான், "நீ போனதும் ஆறு வத்திப் போச்சு" என்று இழுப்பான். கூட்டத்தில் நாலைந்து பேராவது கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். லாரஸ் அந்த இடத்தை மறுபடி ஓட்டினாள். பின்னால் கேட்ட பெண் வேறு எதையோ பாடினாள். எட்டாவது தடவை கேட்டபோது வார்த்தைகள் பிடிபட்டன: "நீ போனதும் ஆறு அது பாட்டுக்கு ஓடுது."

அன்று இரவு அவள் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. கோபமோ பயமோ இல்லை. யார் என்று தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். அது இரண்டாவது ஞாயிற்றுப் பதிவு; முதல் வாரத்துப் பதிவையும் எடுத்துப் பார்த்தாள். அதிலும் அந்தக் குரல் மெலிதாக இருந்தது, அதே வார்த்தைகளோடு. இரண்டு பதிவிலும் இடது மைக்கில் கூடுதலாக, வலதைவிட இமை தட்டும் நேரம் முந்திக்கொண்டு வந்தது. அப்படியென்றால் ஆள் இடது பக்கம். மூன்றாவது ஞாயிறு ஜோடியைப் பிரித்தாள். ஒன்றை குளிர்பானம் விற்கும் மேசைப் பக்கமும் மற்றதைப் படிக்கட்டுக் கதவுப் பக்கமும் வைத்தாள்.

"ஏன் அங்க கொண்டு போற? கதவு பாடப் போகுதா?" என்றான் யாயான்.

"பாடினாலும் பாடும், காங்," என்றாள் லாரஸ். அந்த ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அன்று இரண்டாவது பாட்டிலேயே கிதார் கம்பி அறுந்து, ஆட்டம் முழுக்கத் தடுமாறியது. ஆல்பத்துக்கு உதவாத பதிவு. ஆனால் படிக்கட்டுப் பக்கத்து மைக்கில் குரல் பக்கத்தில் நிற்பது போல் விழுந்திருந்தது. சாவிக்கொத்து குலுங்கும் சத்தமும், நடுவே ஃபோன் ஒருமுறை மணியடித்ததும்கூட. 'பாலம்' நன்றாக அமைந்திருந்தது இரண்டாவது ஞாயிறு மட்டும்தான். அதில்தான் யாயானின் குரல் உடையவிருந்து உடையாமல் நின்றது. அதை ஆல்பத்தில் சேர்த்தால் அந்தப் பெண் குரலையும் சேர்த்தாக வேண்டும்.

நான்காவது ஞாயிறு முதல் பாட்டு ஆரம்பித்ததும் லாரஸ் பதிவை ஓடவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு கதவுக்குப் போனாள். படியின் திருப்பத்தில், மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஓட்டுபவர்கள் போடும் சட்டையோடு ஒரு பெண் சுவரில் சாய்ந்து நின்றாள். நாற்பதைத் தொடும் வயது. உதடு அசைந்துகொண்டிருந்தது.

"உள்ள வாங்களேன், தெத்தே," என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டாள் லாரஸ்.

"டிக்கெட் எடுக்கல நான். சவாரி வந்தா ஓடணும். படியில நிக்கறதுக்குமா காசு கேப்பீங்க?"

"அதுக்கு வரல. நீங்க என் பதிவுல இருக்கீங்க."

அவள் முகம் மாறியது. "நானா? கெடுத்துட்டனா?"

லாரஸ் சின்னக் கருவியில் கொண்டுவந்திருந்த இரண்டாவது வாரப் பாட்டை ஓடவிட்டு, அவள் காதில் ஹெட்ஃபோனை மாட்டினாள். பழக்க தோஷத்தில் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் எப்போது எட்டுகிறது என்பது புருவத்தில் தெரிந்துவிடும். இரண்டாவது சரணத்தில் புருவம் உயர்ந்தது.

"அய்யய்யோ, அப்படியா கத்தியிருக்கேன்?" அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெயர் இமாஸ் என்றாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் எம்பெரில் பேஸ் வாசித்தவள். 'பாலம்' பாட்டு அவளும் யாயானும் ஒரே பாயில் எதிரெதிரே உட்கார்ந்து எழுதியது.

"அப்புறம் ஏன் விட்டுட்டுப் போனீங்க?"

"அந்த ஒரு வரிக்காகத்தான். நான் எழுதினது 'அது பாட்டுக்கு ஓடுது'. அவன் மேடையில ஏறி 'வத்திப் போச்சு'ன்னு மாத்திப் பாடிட்டான். ஜனம் அழுதுச்சு. அதுக்கப்புறம் திரும்பி மாத்தவே மாட்டேன்னுட்டான். நீயே சொல்லு தங்கச்சி, எவளோ ஒருத்தி போனதுக்கு ஆறு வத்துமா? போனவளுக்கும் அதானே வலி, அது பாட்டுக்கு ஓடுறது?"

உள்ளே இரண்டாவது பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தது. "அவருக்கு நீங்க இங்க வர்றது தெரியுமா?" என்று கேட்டாள் லாரஸ்.

"மேடையிலேர்ந்து படி தெரியாது. அது தெரிஞ்சுதான் இங்க நிக்கிறேன்." ஃபோன் மணியடித்தது. இமாஸ் பார்த்துவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "சவாரி. பக்கம்தான், வந்தாலும் வந்துருவேன். என் குரல வச்சுக்கிறதுன்னா வச்சுக்கோ, எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா அவன்கிட்ட கேட்டுட்டு வை. ஏற்கெனவே ஒரு சண்ட போதும்."

இடைவேளையில் லாரஸ் யாயானை டிரம்ஸுக்குப் பின்னால் உட்காரவைத்து அதே பாட்டைக் காதில் கொடுத்தாள். வறுத்த தோஃபுவைக் கடித்துக்கொண்டே கேட்டவன், பாதியில் மெல்லுவதை நிறுத்தினான். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னான்.

"இன்னும் அந்த வரிய விடல பாரு," என்றான் கடைசியில். "பதினோரு வருஷம்! எங்கிருந்து பாடுறா?"

"படிக்கட்டுலேர்ந்து. நாலு வாரமும்."

அவன் கதவையே பார்த்தான். பிறகு, கடைக்காரனிடம் விலை கேட்பவன் போல, "இதக் கொறைக்க முடியுமா? இல்ல, ஏத்த முடியுமா?" என்றான்.

"ரெண்டும் முடியாது காங். அவங்க குரலும் கூட்டமும் ஒரே மைக்ல விழுந்திருக்கு. அவங்கள எடுத்தா ஹாலே போயிடும். வேணும்னா இந்தப் பாட்டையே விட்டுறலாம். நீங்கதான் சொல்லணும்."

"அப்ப ஆல்பத்துல பாட்டு யார் எழுதினதுன்னு போடறது?"

"அதையும் நீங்கதான் சொல்லணும்."

டிரம்மர் குச்சியைத் தட்டிக் கூப்பிட்டான். யாயான் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எழுந்து போனான்.

இரண்டாவது பாதி முழுக்க லாரஸ் ஒரு காதில் மேடையையும் மறு காதில் படிக்கட்டையும் வைத்திருந்தாள். படிக்கட்டில் கடைத்தெரு இரைச்சல், டயர் கடைக்காரரின் இருமல், அவ்வளவுதான். 'பாலம்' ஆரம்பித்தது. முதல் சரணம் ஒழுங்காகப் போனது. இரண்டாவது சரணத்துக்குள் நுழைந்து, "நீ போனதும்" என்றவன் வாயை மூடிக்கொண்டு மைக்கிலிருந்து ஒரு அடி பின்வாங்கினான். மறந்துவிட்டான் என்று நினைத்துக் கூட்டம் எடுத்துக் கொடுத்தது: "ஆறு வத்திப் போச்சு!" அவன் தலையை அசைத்து மறுத்தான். பேஸ்காரன் குழம்பி அவனைப் பார்த்தான். யாயான் கையைச் சுழற்றி, அந்த இடத்தையே திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னான். கிதார் சுற்றிச் சுற்றி அங்கேயே நின்றது. அவன் எட்டி எட்டிக் கதவுப் பக்கம் பார்த்தான்.

லாரஸ் படிக்கட்டு மைக்கின் திருகை ஏற்றினாள். இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். கீழே ஏதோ ஒரு வண்டி வந்து நின்றது, யாருடையதோ. கூட்டத்தில் முன்வரிசைப் பெண் ஒருத்தி யாயானின் பார்வை போன திக்கில் கழுத்தைத் திருப்பினாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவன் திரும்பினான். ஒவ்வொரு தலையாக, அறுபது தலைகளும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திறந்திருந்த கதவைப் பார்த்து நின்றன.