இலவச ஹெல்மெட்

என் அண்ணனை யாராவது ‘முதலாளி’ என்று கூப்பிட்டுவிட்டால் போதும், அவனுக்குத் தலைகால் புரியாது. வெல்டிங் சாமான் கடைக்காரர் வாசலிலேயே, “வாங்க முதலாளி” என்றார். சரி, இன்றைக்கு உருப்பட்ட மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பட்டறையில் இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்கிறோம். பேசி ஆர்டர் பிடிப்பது அண்ணன். ராடு பிடித்துப் பற்றவைப்பது நான். பழைய ஹெல்மெட்டின் கண்ணாடி விரிசல் விட்டுப்போய், போன வாரம் வெளிச்சம் நேராகக் கண்ணில் அடித்துவிட்டது. மண்ணை அள்ளிக் கண்ணில் போட்டதுபோல எரிச்சல். இன்னொரு தடவை இப்படி ஆனால் பார்வைக்கே ஆபத்து என்று டாக்டர் திட்டி அனுப்பினார். அதற்காகத்தான் வந்தோம். எனக்கு ஒரு நல்ல ஹெல்மெட், பட்டறைக்கு ஒரு சின்ன வெல்டிங் மிஷின், அவ்வளவுதான்.

கடைக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. கனமான ஹெல்மெட் ஒன்றை மாட்டிக்கொண்டு, பிளாஸ்மா கட்டரை ஓடவிட்டு, பளபளவென்ற புதுத் தகட்டில் ஒரு இதயம் வெட்டிக் காட்டினார். வேலை செய்கிற எவனாவது இதயம் வெட்டுவானா? ஆனால் அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

“இதுக்குப் பெரிய கம்ப்ரஸர் வேணுமேண்ணா. நம்மகிட்ட இருக்கறது டயருக்குக் காத்தடிக்கத்தான் ஆகும்” என்றேன்.

“நீ சும்மா இரு. முதல்ல மிஷின் வரட்டும்.”

தாலி கட்டிவிட்டுப் பெண் தேடுகிற கதை. நான் பையிலிருந்து துருப்பிடித்த பைப் துண்டு ஒன்றை வெளியே எடுத்தேன். எங்களுக்கு வருகிற இரும்பெல்லாம் அப்படித்தான் இருக்கும், அதில் பற்றவைத்துப் பார்த்தால்தானே மிஷினின் லட்சணம் தெரியும்.

“மானத்த வாங்காத. அத உள்ள வை” என்று அண்ணன் பல்லைக் கடித்தான்.

“பிளாஸ்மா எடுத்தீங்கன்னா ஹெல்மெட் இலவசம் முதலாளி. பத்தவச்சதும் கண்ணாடி தானா கறுத்துக்கும்” என்றார் கடைக்காரர்.

அந்த ஹெல்மெட்டைக் கையில் வாங்கினேன். உள்பட்டையில் யார் யாரோ போட்டுப் பார்த்த தலையெண்ணெய் பிசுபிசுத்தது. வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி யோசித்து யோசித்துக் கறுத்தது. அதற்குள் என் கண் வெந்துவிடும்.

“இது வேணாம். அவர் போட்டிருந்தாரே, அது மாதிரி கேளு.”

“அது எங்க சொந்த உபயோகத்துக்கும்மா” என்றார் கடைக்காரர். முதல் முறையாக என்னிடம் பேசுகிறார், அதுவும் இதைச் சொல்ல.

“சும்மா வர்றத ஏன் விடணும்? நல்லாத்தான் இருக்கு” என்றான் அண்ணன்.

“அப்ப போட்டுப் பாரு. நான் பத்தவைக்கறேன், நீ பாத்துட்டுச் சொல்லு.”

கடைக்காரர் எதிரில் பின்வாங்க முடியாமல் அவன் அதை மாட்டிக்கொண்டான். நான் கடையில் இருந்த, முகத்துக்கு முன் பிடிக்கிற வெல்டிங் கண்ணாடியை ஒரு கையிலும் அங்கிருந்த சின்ன வெல்டிங் மிஷினின் ராடு ஹோல்டரை மறு கையிலும் எடுத்து, என் துருப் பைப்பின் மேல் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அண்ணனின் முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது.

“ஏன் அங்க பாக்கற? இங்க பாரு.”

“நீ பத்த வை” என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “நான் கண்ண மூடிக்கிட்டேன்.”

ச்சீ. கூடப் பிறந்தவன். ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டேன். கடைக்காரரிடம், “உங்க சொந்த உபயோகத்துக்கு வாங்கினீங்களே, அதே மாதிரி ஒண்ணு எடுங்க. அந்தச் சின்ன மிஷினும் போதும். பிளாஸ்மா வேணாம்” என்றேன்.

அவர் பழக்கதோஷத்தில் அண்ணனைப் பார்த்தார். அவன் இன்னும் சுவரைப் பார்த்தபடி, நான் எப்போது பற்றவைப்பேன் என்று காத்துக்கொண்டு நின்றான்.