எட்டாவது ஆள்

சாம்பல் ராஜ்யம் ஆட்டத்தில் நிபால்டோ அர்ரியகாடா நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தான். அந்த ஆட்டத்தை அவன் தொட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. இரண்டும் வேறு வேறு செய்தி என்று நினைத்துவிடாதீர்கள். தொடாததால்தான் முதலிடம்.

சாம்பல் ராஜ்யம் சீட்டாட்டம்தான், ஆனால் ராஜா ராணி ஜாக்கி இல்லை. டிராகனும் பேயும் சூனியக்காரியும் அச்சடித்த சீட்டுகளைக் கைக்காசு போட்டு வாங்கி, ஆளுக்கொரு கட்டுச் சேர்த்துக்கொண்டு மோதுவது. சீட்டை அச்சடிக்கும் கம்பெனி நடத்தும் போட்டிகளில் ஆடுகிற எல்லோருக்கும் ஒரு ரேட்டிங் உண்டு. புதிதாக வருகிறவனுக்கு 1600. ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும். இதுவரை நியாயம். எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும் என்பதில்தான் வம்பு. பெரிய ஆளை அடித்தால் அள்ளிக் கொடுப்பார்கள், சின்ன ஆளை அடித்தால் கிள்ளிக் கொடுப்பார்கள். நிபால்டோவின் ரேட்டிங் 2113. சுமாரான ஒரு பையனை அவன் ஜெயித்தால் ஒரு புள்ளி, மிஞ்சிப்போனால் இரண்டு. அதே பையனிடம் சீட்டுச் சரியாக விழாமல் தோற்றுவிட்டால் முப்பது புள்ளி காலி. சீட்டாட்டத்தில் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரனுக்கும் சீட்டு விழாத நாள் உண்டு. ஆனால் சும்மா இருக்கிறவனுக்கு எந்த நாளும் நல்ல நாள்தான். அவனுக்கு ஒரு புள்ளியும் குறையாது.

மே மாதக் கடைசி ஞாயிறன்று பட்டியலை மூடுவார்கள். அன்று யார் பெயர் முதலில் இருக்கிறதோ, அவருக்கு லிஸ்பனில் நடக்கும் உலகப் போட்டியில் நாட்டின் சார்பாக இடம். விமானம், ஓட்டல் எல்லாம் கம்பெனி செலவு. நிபால்டோ கன்செப்ஸியோன் நகரத்தில் ஒரு நோட்டரி ஆபீசில் ஊரார் வீடு வாங்குவதற்கும் விற்பதற்கும் முத்திரை குத்துகிறவன். விமானத்தில் ஏறியதில்லை. ஆபீசில் பாதிப் பேருக்கு அவன் பெயர் தெரியாது. ‘முத்திரை’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு தடவை, ஒரு மேஜையில், கொடிக்குக் கீழே தன் பெயர் எழுதியிருக்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். இதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

சும்மா இருக்கும் ஞானம் அவனுக்கு மட்டும் வாய்த்தது அல்ல. தலைநகர் சாந்தியாகோவில் நடந்த தேசியப் போட்டிக்கு நாட்டின் முதல் பத்து இடக்காரர்களில் பெரும்பாலோர் வந்திருந்தார்கள், ஆடுவதற்கு மட்டும் ஒருவரும் வரவில்லை. நிபால்டோ நடுவர் சட்டையில் இருந்தான். ஒருவர் போட்டோ எடுத்தார். ஒருவர் கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்தார், அந்தக் கட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது கையிலிருந்து இடது கைக்கு மாறியிருந்தது. ரங்காகுவாவிலிருந்து வந்த ஒரு பையன் எல்லோரையும் அடித்து நொறுக்கிக் கோப்பையைத் தூக்கினான். அடிபட்டவர்கள் எல்லாம் சின்ன ஆட்கள் என்பதால், நாற்பத்தோராவது இடத்தில் இருந்த தேசிய சாம்பியன் முப்பத்தெட்டாவது இடத்துக்கு முன்னேறினான்.

வீட்டிலும் இதே விரதம்தான். மனைவி ரொசால்பாவை அவன் சந்தித்ததே ஒரு போட்டியில், அவளிடம் தோற்றுத்தான். மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், டீயும் ரொட்டியும் அவகாடோ மசியலும் மேஜைக்கு வந்த நேரம், அவள் தன் சீட்டுக்கட்டை எடுத்து வைத்தாள்.

“ஒரே ஒரு ஆட்டம். மழைக்கு இதமா இருக்கும்.”

“வேண்டாம்.”

“வீட்டு ஆட்டம்டா. கம்பெனிக்காரன் என்ன, கூரையைப் பிரிச்சா பாக்கப்போறான்?”

“தோத்துட்டா மனசு தளர்ந்துடும். தளர்ந்துட்டா அப்புறம்…”

“அப்புறம்? ஆடாம இருக்கறதுல கை தவறிடுமா?”

நிபால்டோ ரொட்டியில் மசியலைத் தடவினான். கை அரித்தது. உண்மையில் அவனுக்கு அந்த ஆட்டத்தின் மேல் உயிர். புதுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது வரும் மை வாசனைக்கே கிறங்குவான். ஆடுகிறவர்களைப் பார்த்தால் பொறாமையில் வயிறு எரியும். இன்னும் கொஞ்ச நாள்தானே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்வான்.

பட்டியல் மூடுவதற்கு முந்தின சனிக்கிழமை, வழக்கம்போல ‘லா லெச்சூசா’ கடைக்குப் போனான். ஊருக்கு நடுவில், நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி மேலேறும் பழைய வணிக வளாகத்தின் உச்சிச் சுற்றில் இருந்தது கடை. கீழ்ச் சுற்றில் கல்யாண கவுன், நடுச் சுற்றில் பச்சை குத்துகிறவன், மேலே டிராகன். சுவரில் நிபால்டோவின் போட்டோ மாட்டியிருக்கும். அதற்கு நேர் கீழே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஆடுகிறவர்களுக்கு யோசனை சொல்வதுதான் ஏழு மாதமாக அவனுடைய சனிக்கிழமை. கடைக்காரி எதெல்மிராவை வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் அத்தை என்பார்கள். அன்று அத்தையின் முகம் சரியில்லை.

“நிபால்டோ, ஏழு பேருதான் வந்திருக்காங்க.”

“பாத்தேன் அத்தை.”

“மாசத்துல ஒரு போட்டியாவது எட்டு பேரை வெச்சு நடத்தணும். இல்லேன்னா கம்பெனிக்காரன் கடை அங்கீகாரத்தைப் பிடுங்கிடுவான். இந்த மாசம் மழை, காய்ச்சல்னு ஒண்ணுமே நடக்கல. இன்னிக்கு விட்டா இல்ல. நடத்தற நான் ஆடக்கூடாது, உன் ரொசால்பாவும் ஊருல இல்ல.”

“கஷ்டம்தான்” என்று நிபால்டோ ஜன்னல் வழியே மழையிடம் சொன்னான்.

“என்னடா கஷ்டம்! எட்டாவது ஆளு குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்க!”

“நாளைக்கு லிஸ்ட்டு மூடறாங்க அத்தை. புவெர்த்தோ மோந்த்ல ஹிமெனா ஒயர்சூன்னு ஒருத்தி ரெண்டாவது இடத்துல இருக்கா. பதினோரு புள்ளிதான் வித்தியாசம். ஒரு ஆட்டம் தோத்தாலும் லிஸ்பன் அவளுக்குப் போயிடும்.”

“அப்ப ஜெயிச்சிட்டுப் போ. நாட்டுக்கே முதலிடம்தானே நீ?”

ஏழு பேரும் சிரித்தார்கள். நிபால்டோவுக்குக் காது சூடேறியது.

“அது வேற, இது வேற.”

“எது வேற?”

அப்போது எலியாசார் எழுந்து வந்தான். டவுன் பஸ் டிரைவர். வாரம் தவறாமல் வருவான், வாரம் தவறாமல் எல்லா ஆட்டத்திலும் தோற்பான். அவனுடைய ரேட்டிங் 1250. அந்தக் கடையில் அவனிடம் தோற்றவர் என்று ஒருவர் கிடையாது. சட்டைக் கையில் எப்போதும் சாசேஜ் பன்னின் மயோனைஸ் ஒட்டியிருக்கும்.

“என்கூட உக்காரு தலைவரே. நான் தோத்துக் குடுக்கறேன்.”

“வேணும்னே தோத்தா ரெண்டு பேருக்கும் தடை போட்டுடுவாங்க.”

“வேணும்னு எதுக்கு? நான் ஒழுங்கா ஆடினாலே தோத்துடுவேனே!”

“சீட்டு விழற விதம்னு ஒண்ணு இருக்கு எலியாசார். உனக்கு நல்லா விழுந்துட்டா?”

“பதினாறு வருஷமா விழாதது இன்னிக்கா விழப்போகுது?”

பெயரைக் கொடுத்துவிட்டு ஆடாமல் நழுவவும் வழியில்லை, முதல் சுற்றை ஆடினால்தான் தலைக்கணக்கில் சேர்ப்பார்கள். அத்தை அவன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“உனக்குப் புரியலடா. உன் பேரு இந்தக் கடைக்குக் கீழதான் பதிஞ்சிருக்கு. கடையை எடுத்துட்டா உன்னை எங்க வெப்பான்? கடை இல்லாத ஆட்டக்காரனை லிஸ்ட்டுல சேக்க மாட்டானாம்.”

தன்னை மடக்க அத்தை கதை விடுகிறாள் என்று நிபால்டோ நினைத்தான்.

“ரேட்டிங் என்னோடது அத்தை. நான் சம்பாதிச்சது. கடை போனா அதுவுமா போயிடும்?”

“இருபத்திரண்டு வருஷமா நான் சம்பாதிச்சது இந்தக் கடை. ஒரு மணி நேரம் உக்காரக்கூடாதா?”

அவன் குடையை எடுத்துக்கொண்டான். சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கும்போது வெட்கமாகத்தான் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் எலியாசாரிடம் தோற்பதை நினைத்ததும் நடையை எட்டிப் போட்டான். மேலே அத்தை அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, வந்திருந்த ஏழு பேருக்கும் டீ கொடுத்து அனுப்பினாள்.

திங்கட்கிழமை பட்டியல் வந்தது. முதலிடத்தில் நிபால்டோ இல்லை. இரண்டாவதிலும் இல்லை. கடைசிப் பக்கம் வரை தேடியும் இல்லை. தலையில் இடி விழுந்தவனாகச் சாந்தியாகோவுக்குப் போன் செய்தான். கம்பெனியில் ஒரு பெண் தேனாகப் பேசினாள்.

“உங்க ரேட்டிங் அப்படியே பத்திரமா இருக்கு சார். 2113. உங்க கடைதான் சனிக்கிழமையோட நீக்கியாச்சு. கடை இல்லாதவங்க பேரு லிஸ்ட்டுல வராது.”

“வேற கடையில சேந்துடறேன்மா. இப்பவே சேந்துடறேன்.”

“தாராளமா சேருங்க சார். அடுத்த வருஷ லிஸ்ட்டுல முதலிடம் உங்களுக்குத்தான். நடுவுல ஆடிடாதீங்க.”

லிஸ்பன் ஹிமெனா ஒயர்சூனுக்குப் போனது. ஏழு மாதமாக நிபால்டோவுக்கு மனதில் ஒரே எதிரி அவள்தான். நாமாவது போட்டோவுக்குக் கீழே போய் உட்கார்கிறோம், இவள் எந்தப் போட்டியின் வாசலிலும் தலைகாட்டுவதில்லையே, என்ன வைராக்கியம் என்று உள்ளுக்குள் மலைத்திருக்கிறான். ரொசால்பா எங்கோ விசாரித்து அவளுடைய நம்பரை வாங்கிக் கொடுத்தாள். உடம்புக்கு முடியவில்லை, வேலை இருக்கிறது என்று அவள் விட்டுக்கொடுத்துவிட மாட்டாளா என்று ஒரு நப்பாசை.

“சாம்பல் ராஜ்யமா?” என்றாள் ஹிமெனா. பின்னால் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. “அட, அதுவா! குழந்தை பொறந்ததோட விட்டுட்டேனே. சீட்டுக்கட்டையும் வித்தாச்சு. இப்ப பேக்கரி வெச்சிருக்கேங்க.”

“நீங்கதான் இப்ப நாட்டுல முதலிடம்.”

“நானா? யாரு சொன்னா?”

அவன் சொன்னான். விமானத்தைச் சொன்னான், ஓட்டலைச் சொன்னான். தானே சொல்லித் தொலைத்தோமே என்று பிறகு நொந்துகொண்டான்.

“லிஸ்பனா! ஓசியிலயா! எங்க வீட்டுக்காரர் எங்கயாவது கூட்டிட்டுப் போன்னு உயிரை எடுக்கறாரு. முதல் ஆட்டத்துல தோத்துட்டு ஊரு சுத்தலாம், இல்ல?” அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “ரொம்ப நன்றிங்க. நீங்களும் ஆடுவீங்களா? நல்லா ஆடுவீங்களா?”

நிபால்டோவின் வாய் வரைக்கும் 2113 வந்தது. அவள் கேட்டது அது இல்லை என்று தோன்றியதும் நின்றுவிட்டது.

“தெரியலீங்க” என்றான்.

ஆடாமல் இருப்பதிலும் அவனைவிடப் பெரிய ஆள் இருந்தாள், அவளுக்கு அது தெரியக்கூட இல்லை. மூன்றாம் நாள் அத்தையின் நினைவு வந்து நெஞ்சை அறுத்தது. சனிக்கிழமை மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டான்.

நடுச் சுற்றுக்கு ஏறும்போதே மேலே இரைச்சல் கேட்டது. கம்பெனியின் பலகையைக் கழற்றியிருந்தார்கள். உள்ளே எல்லா மேஜையும் நிறைந்து, தரையிலும் ஆட்கள். தல்காவானோ, சியான் என்று பக்கத்து ஊர்களிலிருந்து, மாதக்கணக்கில் ரேட்டிங்கைப் பொத்திப் பொத்தி வைத்திருந்த முகங்களெல்லாம் அங்கே இருந்தன. மாவுக்கட்டுக்காரர் இரண்டு கையாலும் சீட்டுக் கலைத்துக்கொண்டிருந்தார். எதுவும் எங்கும் பதிவாகாது என்ற செய்தி பரவிவிட்டது. பயம் விட்டுப்போனவர்கள் மழையில் நனைந்துகொண்டு ஆட வந்துவிட்டார்கள்.

“அன்னிக்கு ஒரு ஆளுக்குக் கெஞ்சினேன்” என்றாள் அத்தை, அவன் முகத்தைப் பார்க்காமல். “இன்னிக்கு நாற்காலி இல்ல.”

“மன்னிச்சிடுங்க அத்தை.”

“அதெல்லாம் அப்புறம். எலியாசாருக்கு ஜோடி இல்ல, போய் உக்காரு.”

உட்கார்ந்தான். ஏழு சீட்டு எடுப்பதற்குப் பதிலாக எட்டு எடுத்துத் திருப்பி வைத்தான். நடுவில் எலியாசார் போட்ட ஒரு சூனியக்காரியை அவன் பார்த்ததே இல்லை.

“இது என்ன புதுசா?”

“திங்கக்கிழமை வந்தது தலைவரே. ஊருக்கே தெரியும்.”

நிபால்டோ அதை இரண்டு தடவை படித்தான். பழைய கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. சிரித்தான், திட்டினான், நாக்கைக் கடித்தான், மேஜையைத் தட்டினான். ஆட்டம் இழுபறியாகி, கடைசியில் எலியாசாருக்குச் சீட்டு விழுந்தது. பதினாறு வருஷமாக விழாதது விழுந்தது. எலியாசாருக்கு முதலில் புரியவில்லை. விரல் விட்டு எண்ணினான், மறுபடி எண்ணினான். பிறகு நாற்காலி சாய எழுந்தான்.

“அத்தை! எழுதுங்க! முதலிடத்தை ஜெயிச்சிட்டேன்! முப்பத்திரண்டு புள்ளி! எழுதுங்க அத்தை!”

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“எதுல எழுத?” என்றாள் அத்தை மெதுவாக. “எழுதினாலும் யாரு ஏத்துக்குவா?”

எலியாசார் கழற்றிய பலகை இருந்த இடத்தைப் பார்த்தான். இத்தனை வருஷத்துத் தோல்வி ஒன்று விடாமல் கம்பெனிக் கணக்கில் ஏறியிருக்கிறது. மெல்ல உட்கார்ந்தான்.

“போன சனிக்கிழமை நீ உக்காந்திருந்து, இதே மாதிரி விழுந்திருந்தா” என்று கேட்டான், “ஏறியிருக்கும், இல்ல?”

கோபமே இல்லாமல்தான் கேட்டான். திட்டியிருந்தால் தேவலை.

“ஏறியிருக்கும்” என்றான் நிபால்டோ. லிஸ்பன் போனபோது வராத அழுகை இப்போது வந்தது. சீட்டுகளைத் திரட்டிக் கலைப்பதுபோல் குனிந்துகொண்டான்.