பதினோராவது தகடு

என் தங்கை புருஷனை மாப்பிள்ளை என்று கூப்பிடவே எனக்கு வாய் கசக்கிறது. ஆள் ஓவியர். செப்புத் தகட்டில் படத்தைக் கீறிக்கொண்டு வருவார். மை பூசி, உருளையில் விட்டு, தாளில் அச்செடுத்துக் கொடுப்பது நான். இந்தத் தடவை பன்னிரண்டு தகடுகள். எல்லாம் என் தங்கை ஆடிய பாலே நடனம்தானாம். முகம் கிடையாது, உடம்பு கிடையாது. வெறும் கோடும் வளையமும். அதில் எனக்கு வருத்தமில்லை, நன்றாகவே இருந்தன.

பதினொன்றாவதுதான் குமட்டியது. நெட்டுக்குத்தாக இறங்கும் ஒரு கோடு, தரைக்குச் சற்று மேலே, மடங்கக்கூடாத பக்கம் மடங்கியிருந்தது. அது அவள் கணுக்கால். போன வருடம் விரல் நுனியில் நின்று ஆடும்போது மேடையிலேயே முறிந்ததே, அது. அதோடு ஆட்டம் போயிற்று, இப்போது கைத்தடி. அன்றைக்கு ஓடிவந்து தூக்கியவர்கள் யார் யாரோ. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இந்த மகானுபாவர், வரைந்து முடித்துவிட்டுத்தான் எழுந்து வந்தாராம். சீ, இதெல்லாம் ஒரு ஜென்மம்!

இது ஒன்று மட்டும் வேண்டாம் என்று அவரிடம் அழுததாகத் தங்கை எனக்குப் போனில் சொன்னாள். சரி சரி என்று தலையாட்டியவர், மறுநாள் காலையே தகட்டைத் துணியில் சுற்றி என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

“யாருக்கு மச்சான் தெரியப்போகுது? வெறும் கோடுதானே,” என்றார் கூசாமல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேசிய எண்ணிக்கையில் பிரதிகளை எடுத்து முடித்ததும் தகட்டின் குறுக்கே ஊசியால் ஒரு கீறல் போடுவோம். அப்புறம் யாரும் திருட்டுத்தனமாக அச்செடுக்க முடியாது. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், ஒரு பிரதிகூட எடுக்காத தகட்டை மூலைக்கு மூலை கீறினேன். தொலைந்தது சனியன் என்று இருந்தது. முகத்துக்கு நேரே காட்ட வேண்டுமென்று ஒரு தாள் அச்செடுத்தும் வைத்தேன்.

கத்துவார் என்று காத்திருந்தேன். மனிதர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தள்ளி நின்றும் பார்த்தார்.

“இதுதான் குறைஞ்சுது மச்சான். முப்பது பிரதி போடுங்க.”

முடியாது என்றேன். தகட்டை எடுத்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விட்டார்.

கண்காட்சியில் அதைத்தான் எல்லாரும் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். குறுக்குக் கோட்டில் வலி தெரிகிறதாம். தங்கை கைத்தடியை ஊன்றி அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். கோடு போட்டது நான்தான் என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். அவளுக்காகத்தான் செய்தேன் என்றும் சொன்னேன்.

“தகடு உன் கையிலதானே இருந்துச்சு அண்ணா. என்கிட்ட கொண்டுவந்து குடுத்திருக்கலாமே?”

அந்த யோசனையே எனக்கு வரவில்லை. அந்த ஆளின் மூஞ்சி போகிற போக்கைப் பார்க்கத்தான் நான் அத்தனையும் செய்திருக்கிறேன். சீ.