பஸ்ஸை மெலிய வைத்த கண்ணாடி

வெள்ளவத்தைச் சாறிக்கடைகளுக்குள் யாரும் குண்டாக இருந்ததில்லை. அந்தப் புண்ணியம் கொட்டாஞ்சேனை ஸஹாப்தீனைச் சேரும். கடைகளின் ஆளுயரக் கண்ணாடிகளை அவர்தான் செய்து கொடுத்தார். பக்கவாட்டில் ஒரு மயிரிழை வளைவு, அவ்வளவுதான். அதன்முன் நிற்கிற பெண் கல்யாணத்துக்கு முந்திய தன் இடுப்பை மறுபடி கண்டுவிட்டு, "இதையே பார்சல் பண்ணுங்கோ" என்பாள்.

ஸஹாப்தீனுக்கு இதில் ஒரே ஒரு துக்கம். இந்தக் கெட்டித்தனத்தை அவர் வெளியே சொல்லக் கூடாது. முதலாளிமார் வாயைக் கட்டிவிட்டார்கள். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவன்கூட மூலையில் தன் பெயரை எழுதிவிட்டுப் போகிறான். இவருடைய கண்ணாடிகளின் முதுகிலோ வெறும் பலகை. தன் பெயர் பதித்த ஒரு சாமான் ஊரெல்லாம் சுற்ற வேண்டும், நாலு பேர் அதைப் பார்க்க வேண்டும் என்று அவர் ஏங்கிக்கொண்டிருந்தார்.

அப்படி ஒரு நாளில்தான் நிலூஷா அவருடைய கடைக்கு வந்தாள். வத்தளையில் மோட்டார் சைக்கிள் பொருத்துகிற ஒரு கம்பனிக்குச் சாமான் தேடிப் பிடிப்பது அவள் வேலை. முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற முறையில் அவரை 'நானா' என்றாள்.

"நானா, எங்கட பைக்குக்கு சைட் கண்ணாடி செய்து தருவீங்களா?"

"நான் சாறிக்கடைக்குக் கண்ணாடி செய்றவன், மிஸ்."

"அதுக்கென்ன? எங்களுக்கு சீட் தைக்கிறவர் கல்யாண மேடைக்கு சோபா செய்தவர். முன் லைட்டை மூடுற கிறில் எங்க இருந்து வருது தெரியுமா? இடியப்பத் தட்டு அடிக்கிற பெக்டரியில இருந்து. எல்லாத்தையும் வெளிநாட்டில இருந்து இறக்கினாக் காசு கட்டாது நானா."

தங்கச்சியின் கல்யாணத்துக்குச் சாறி எடுக்கப் போன இடத்தில்தான் அவள் அந்தக் கண்ணாடியைக் கண்டாளாம். "அவ்வளவு தெளிவான கண்ணாடியை நான் முந்திப் பார்க்கேல்ல. சேல்ஸ்மேனை நெருக்கித்தான் உங்கட பேரை எடுத்தனான்."

ஸஹாப்தீனின் மனதில் ஏதோ லேசாக உறுத்தியது. ஆனால் அவள் அடுத்ததாக, "கண்ணாடிக்குப் பின்பக்கம் செய்தவர் பேரையும் பதிப்பம்" என்றாள். உறுத்தல் போன இடம் தெரியவில்லை.

அந்தி மஃரிப் தொழுகைக்கு முன்பே தேத்தண்ணிக் கடை முழுவதும் செய்தி பரவிவிட்டது. இந்தக் கண்ணாடியை நேராகச் செய்வதா, வழக்கம்போலச் செய்வதா என்று அவர் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்தார். இத்தனை வருடத்தில் ஒரு வாடிக்கையாளர்கூடக் குறை சொன்னதில்லையே! கை பழகிய வழியிலேயே போயிற்று.

கம்பனியில் பைக்கை ஓட்டிச் சோதிப்பவன் பிறெடி. நல்ல வாட்டசாட்டமான ஆள். ஸஹாப்தீன் கொண்டுவந்த கண்ணாடியைப் பொருத்தியதும் முதலில் தன் முகத்தைத்தான் பார்த்தான்.

"நானா, எனக்குக் கன்னம் இறங்கியிருக்கு! டயட் வேலை செய்யுது!"

"காலமை மூண்டாவது ரோல்ஸைக் கடிக்கேக்க அந்த டயட் எங்க போனது?" என்றாள் நிலூஷா.

தன் சாமான் ரோட்டில் ஓடுவதைக் காண ஸஹாப்தீனும் பின்னால் ஏறிக்கொண்டார். நீர்கொழும்பு வீதியில் வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடம் வந்தது. பிறெடி கண்ணாடியைப் பார்த்து, "பின்னால ஒரு த்ரீவீல்தான் வருது" என்று வீதியின் நடுவுக்குப் போனான். ஸஹாப்தீன் திரும்பிப் பார்த்தார். வந்துகொண்டிருந்தது பாதி வீதியை அடைத்த நீர்கொழும்பு பஸ்.

"யா அல்லாஹ்!"

ஹோர்ன் அலறியது. பிறெடி இடப்பக்கம் வெட்டி, நடைபாதையில் ஏறி, செவ்விளநீர்க் குவியலில் போய்ச் செருகினான். மிதிபலகையில் தொங்கிய கண்டக்டர், "பிஸ்ஸுத மல்லி?" என்று பைத்தியமா எனக் கேட்டபடியே கடந்து போனான்.

"சத்தியமா அது த்ரீவீல் நானா! என்ட கண்ணால பார்த்தனான்!" என்றான் பிறெடி, இளநீர்களுக்கு நடுவிலிருந்து.

கம்பனிக்குத் திரும்பியதும் நிலூஷா கண்ணாடியில் வாசலில் நின்ற லொறியைப் பார்த்தாள். லொறி ஒட்டகச்சிவிங்கிபோல ஒல்லியாக நின்றது. பிறகு தன் முகத்தைப் பார்த்தாள். கடைசியாக ஸஹாப்தீனைப் பார்த்தாள்.

"நானா, சாறிக்கடைக் கண்ணாடியும் இப்பிடியா?"

"அது... கொஞ்சம் இரக்கமான கண்ணாடி, மிஸ்."

"ஐயோ! தங்கச்சியின்ட கல்யாணப் போட்டோவில என்னை ஊதி வச்சிருக்கு எண்டு கமராக்காரனோட நான் எவ்வளவு சண்டை பிடிச்சனான்!" அவள் கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் திணித்தாள். "அடுத்த கிழமைக்குள்ள பஸ்ஸை பஸ்ஸாக் காட்டுறதைக் கொண்டு வாங்கோ. இல்லாட்டி இறக்குமதிதான்."

நேரான கண்ணாடி செய்தால் அது நேர்தானா என்று எதைக் கொண்டு பார்ப்பது? வீட்டில் இருந்ததெல்லாம் அவர் செய்த இரக்கமான கண்ணாடிகள்தான். கடைசியில் கல்யாண வீடுகளில் ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற பெரிய வட்டத் தட்டான ஸஹனைத் தூக்கிவந்து சுவரில் சாய்த்தார். பழைய கண்ணாடியில் ஸஹன் முட்டைபோலத் தெரிந்தது. புது அச்சு செய்தார். கண்ணாடிகள் உடைந்தன. திரும்பவும் செய்தார். ஒருவழியாக வட்டம் வட்டமாகவே தெரிந்தபோது, ஸஹனைத் தேடிக்கொண்டு மனைவி ஜெஸீமா வந்து அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"இது யாரு?"

"நீதான்."

"அப்ப இவ்வளவு நாளும் அல்மாரிக் கண்ணாடியில இருந்தது யாரு?"

ஸஹாப்தீன் ஸஹனைத் துடைக்கத் தொடங்கினார். அவள் கண்ணாடியைப் பிடுங்கி அவருடைய வயிற்றுக்கு நேரே பிடித்தாள். இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேலே நிமிர்ந்து நின்ற அந்த வயிற்றை அவரும் அன்றுதான் முழுசாகக் கண்டார். ஜெஸீமா சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இதுலயா உங்கட பேர் வரப்போகுது?"

"ஓம், பின்னால."

"இதுல ஒருக்காப் பாத்தவள் சாறிக்கடையில போய் ஒப்பிட்டுப் பாப்பாள். சேல்ஸ்மேன நெருக்கினா அங்கயும் உங்கட பேர்தான் வரும். எல்லாப் பொம்புளையும் என்னப்போல சிரிச்சிட்டுப் போவாங்கண்டு நினைக்க வாணாம்."

அடுத்த கிழமை பிறெடி தனியாகவே ஓட்டிப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்தான். "பஸ் பஸ்ஸாத்தான் வருது" என்றான். பிறகு கவலையோடு, "கன்னமும் திரும்பி வந்திட்டுது."

நிலூஷா கண்ணாடியில் ரோட்டை மட்டும் பார்த்தாள், தன்னைப் பார்க்கவில்லை. "கண்ணாடி பாஸ், நானா. சொல்லுங்கோ, பின்னால என்னெண்டு பதிக்க? பேர், அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் போடலாம்."

ஸஹாப்தீனின் நெஞ்சு நிமிர்ந்தது. அதே கணத்தில், வெள்ளவத்தைப் பெண்கள் சாறிப் பைகளோடு கொட்டாஞ்சேனையில் பஸ்ஸால் இறங்குவதும் அவர் கண்முன் வந்தது.

"பேரப் போடுங்க மிஸ். நல்லாப் பெரிசாப் போடுங்க" என்றார். "அட்ரஸ் வாணாம்."