ஊதாப் பவளமும் இரண்டு நுரைக் குழாய்களும்

வெண்டலும் ரொவீனாவும் விவாகரத்து வாங்கியபோது எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள். அவனுக்கு வண்டி, நாய், கேரேஜில் கிடந்த ரம்பங்கள். அவளுக்கு வீடு, அதன் அடித்தளத்தில் இருக்கும் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி. எண்ணூறு லிட்டர் தொட்டியை எவனும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால்தான் அது அவளுக்குக் கிடைத்தது. தொட்டியின் நடுவில் நின்ற உயிருள்ள ஊதாக் கிளைப்பவளத்தைப் பற்றி நீதிபதி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களுக்குக் கல்யாணமான வருஷம், எங்கள் சங்கத்தின் பரிமாற்றக் கூட்டத்தில், கட்டைவிரல் அளவுத் துண்டாக அதைக் கொடுத்தவள் நான். இப்போது ஒரு பூசணிக்காய் அளவுக்கு வளர்ந்திருந்தது. இரண்டு பேருக்கும் பிள்ளை குட்டி கிடையாது. அது ஒன்றுதான்.

நான் லொரெய்ன். ஃபோர்ட் வெய்ன் ஊரில் வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்க்கிறவர்களின் சங்கத்துக்குச் செயலாளர். அதாவது காபி போட்டு, நாற்காலி மடக்கி, சண்டை விலக்கிவிடுகிறவள்.

பிப்ரவரிக் கூட்டத்தில், பெரிய சட்டியில் பீன்ஸும் கறியும் கொதித்துக்கொண்டிருந்தபோது, கையில் கரண்டியோடு வெண்டல் ஆரம்பித்தான்.

"உன் ஸ்கிம்மர் ஒரு பொம்மை, ரொவீனா. முட்டி உயரம்கூட இல்ல. குமிழி உள்ள போன வேகத்துல வெளிய வந்துடுது. அழுக்கு எப்ப ஒட்டும்? அந்தப் பவளத்தக் கொல்லத்தான் போற."

ஸ்கிம்மர் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தொட்டித் தண்ணீருக்குள் பொடிப்பொடியாகக் காற்றைவிடும் குழாய் அது. மீன் கழிவும் மிச்சத் தீனியும் குமிழியில் ஒட்டிக்கொண்டு, நுரையாக மேலே ஏறி, உச்சியில் இருக்கும் கிண்ணத்தில் விழும். அந்தக் கிண்ணத்தில் சேரும் நாற்றம் பிடித்த கறுப்புத் தண்ணீரை எங்கள் ஆட்கள் பிள்ளையின் மார்க் ஷீட் மாதிரி ஊருக்கெல்லாம் காட்டித் திரிவார்கள்.

வெண்டலுடையது அவனே ஒட்டிச் செய்த ஐந்தடிக் குழாய்; முன்பு இதே தொட்டியில் ஓடியதை, வீட்டைவிட்டுப் போகும்போது கழற்றிக்கொண்டு போயிருந்தான். மேலேயிருந்து தண்ணீர் இறங்கும். அடியில் இருக்கும் மரக்கட்டைத் துண்டுகளின் வழியே காற்று கிளம்பி, தண்ணீருக்கு எதிராக மெதுவாக ஏறும். அவன் போன பிறகு ரொவீனா வாங்கியது குட்டைக் கூம்பு. அதன் மோட்டாரில் ஊசி ஊசியாக இருக்கும் சக்கரம் காற்றை நறுக்கித் தள்ளும்.

"உன் குழாய் அஞ்சடி வளர்ந்து என்ன பிரயோஜனம்? உன்ன மாதிரியே சும்மா நிக்குது" என்றாள் ரொவீனா. "மரக்கட்டை ஓயாம அடைச்சுக்கும். இத்தனை வருஷம் அதைக் கழட்டி மாத்துனது யாரு? நான்!"

"அதான் ஒழுங்கா ஓடல."

"வா. ரெண்டையும் என் தொட்டியிலயே மாட்டுவோம். எது அதிக அழுக்கு எடுக்குதோ அவங்களுக்குப் பவளம். லொரெய்ன் தீர்ப்பு சொல்லட்டும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இவர்கள் இருவரையுமே பிடிக்காது. அது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் என்னை நம்பினார்கள்.

அடுத்த நாளே வெண்டல் தன் குழாயைத் தோளில் சுமந்துகொண்டு, பூட்ஸில் ஒட்டிய பனியைக்கூடத் தட்டாமல், அந்த வீட்டின் அடித்தளத்தில் இறங்கினான். தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியில் கூம்பு உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சுவரோரம் குழாய் விறைப்பாக நின்றது. இரண்டுக்கும் ஒரே தண்ணீர்தான். தீனி அதிகம் போட்டால் மற்றவருக்கு ஆதாயமாகிவிடுமோ என்ற சந்தேகத்தில், மீன்களுக்குப் போடுவதையும் பாதியாகக் குறைத்தார்கள். அந்த இருவரும் சேர்ந்து ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் கிண்ணங்களைக் கழற்றி அளப்பேன். முதல் தடவை வெண்டலின் கிண்ணம் நிறைந்திருந்தது, ஆனால் வெளிறிய டீ நிறம். ரொவீனாவின் கிண்ணத்தில் பாதிதான், ஆனால் தார் மாதிரி.

"வெறும் தண்ணிய ஏத்தி ரொப்பியிருக்கான். வால்வத் திறந்து விட்டா என் பாட்டியோட கெட்டில்கூட இதவிட அதிகம் ரொப்பும்."

"கெட்டிலுக்கு இருக்கிற பொறுமைகூட உனக்கு இல்ல. லொரெய்ன், எழுது. எனக்கு முழுக் கிண்ணம்."

நான் சமம் என்றேன். இரண்டு பேரும் என்னைத் திட்டினார்கள். அடுத்த வாரம் அவன் புதுக் கட்டைகளும் பெரிய காற்றுப் பம்பும் கொண்டுவந்தான். அவள் கூம்பின் மோட்டாரையே மாற்றினாள். கிண்ணங்கள் இரண்டும் கறுத்தன, மறுபடி சமம். அந்த நாற்றம் என் கோட்டில் ஏறி, வண்டியில் ஏறி, வீட்டுக்கு வந்தது. என் கணவர் கோட்டைக் கொண்டுபோய் வெளிப் பனியில் தொங்கவிட்டார்.

மூன்றாவது ஞாயிறு நான் படியிறங்கும்போதே கத்தல் கேட்டது.

"கையில க்ரீம் தடவிக்கிட்டு தொட்டிக்குள்ள கை விட்டிருக்க! எண்ணெய் பட்டா நுரை அமுங்கிடும்னு உனக்குத் தெரியாதா? வேணும்னே செஞ்சிருக்க!"

"நானா? நேத்து கோழி வறுவல் தின்ன கையோட வந்து வால்வத் திருகுனது யாரு? உன் குழாயும்தான் காலி. என் கிண்ணமும் காலி. கெடுத்தது நீதான்!"

பார்த்தேன். கூம்பில் நுரை ஏறவில்லை. குழாயிலும் ஏறவில்லை. இரண்டு கிண்ணங்களும் சோடா கிளாஸ் மாதிரி சுத்தமாக இருந்தன. ரொவீனா அலமாரிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். வெண்டல் குழாயோடு காதை ஒட்டி நின்றான். இத்தனை நாளும் இருவரும் இப்படித்தான் இருந்திருக்கிறார்கள். ஒருவர் கண் கிண்ணத்தில், இன்னொருவர் கண் அடுத்த கிண்ணத்தில்.

நான் தலையை நிமிர்த்தித் தொட்டியைப் பார்த்தேன்.

தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குத் தெளிவு. மணல்மேல், தண்ணீரில் சத்து வற்றினால் வரும் பழுப்பு நிறச் சளி நூல்நூலாகப் படர்ந்திருந்தது. நடுவே அந்தப் பவளம், நுனி முதல் அடி வரை எலும்பு வெள்ளை. ஒரு பக்கம் சதை கிழிந்து, துணி மாதிரி ஓட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுங்க" என்றேன். "நுரைய யாரும் கெடுக்கல. தண்ணியில எடுக்கிறதுக்கு இனி ஒண்ணும் இல்ல. பவளம் சாப்பிடுறதயும் சேர்த்து எடுத்துட்டீங்க. பட்டினி போட்டே கொன்னிருக்கீங்க."

ரொவீனா எழுந்தாள். கண்ணாடியில் கை வைத்தாள். ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. வெண்டலும் பக்கத்தில் வந்தான். தோளோடு தோள் இடிக்கும் தூரத்தில் நின்றார்கள். இப்போதாவது அழுவார்கள் என்று நினைத்தேன்.

"உன் குழாய் வந்த நேரம்" என்றாள் அவள்.

"என் குழாய் மட்டும் ஓடியிருந்தா இது ஆகியிருக்காது. உன் கூம்புதான் கூடுதல்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. அலமாரிக் கதவில் தொங்கிய வெட்டுக் கத்தரியை எடுத்தேன். முழங்கைவரை சட்டைக் கையை மடித்து, தொட்டிக்குள் கையை விட்டேன். பவளத்தின் பின்பக்கம், கல்லின் நிழலில், ஒரு கிளையில் மட்டும் ஊதா நிறம் மிச்சமிருந்தது. அதை நறுக்கி எடுத்தேன். கட்டைவிரல் அளவு.

"என்ன பண்ற லொரெய்ன்?" இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"நான் குடுத்தத நான் எடுத்துக்கிறேன்."

"அது ஜெயிச்சவங்களுக்கு!" என்றான் வெண்டல்.

"அப்படியா? இந்தத் தொட்டியப் பார்த்துட்டு நீயே சொல்லு, யாரு ஜெயிச்சது?"

காலிக் கிண்ணம் ஒன்றில் தொட்டித் தண்ணீரை மொண்டு, அதில் துண்டைப் போட்டு, கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு படியேறினேன். பின்னாலேயே வாசல்வரை வந்தார்கள், ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு. கடுங்குளிரில் வண்டி சூடாகும்வரை கிண்ணத்தை மடியிலேயே வைத்திருந்தேன்.

என் தொட்டி ஒன்றும் காட்சிக்கு வைக்கும் தொட்டி இல்லை. கண்ணாடியில் பச்சைப் பாசி. பழைய ஸ்கிம்மர் ஒன்று இருமிக்கொண்டே ஓடும்; நினைவு வந்தால் கிண்ணத்தைக் கழுவுவேன். மீன்கள் தின்று, கழித்து, கொழுத்துக் கிடக்கின்றன. துண்டை அங்கே ஒரு கல்லில் ஒட்டினேன்.

அதற்குப் பிறகு கூட்டத்துக்கு இருவரும் வருவதில்லை. தொலைபேசியில் மட்டும் கூப்பிடுகிறார்கள், தனித்தனியாக. "அவளுக்கு மட்டும் குடுத்துடாத" என்கிறான் அவன். "அவன் கையில மட்டும் போயிடக் கூடாது" என்கிறாள் அவள். உயிரோடு இருக்கிறதா என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

இருக்கிறது. நுனியில் புதிதாக வெளிர் ஊதா முளை விட்டிருக்கிறது. அவர்களிடம் சொல்ல மாட்டேன்.