ஏழாம் கேள்விக்கு இருபத்தாறு பூச்சியம்

பால்நிலைக் கற்கைகளுக்கான அறிமுக வகுப்பில் நாங்கள் இருபத்தாறு பேர். அத்தனை பேரும் பெண்கள். ஆண்கள் ஏன் சேரவில்லை என்பதும் பாடத்திட்டத்தில் இருந்தது. ஆனால் அது கடைசி அலகு என்பதால் அதுவரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை, களுவாஞ்சிக்குடியில் ஒரு தையல் பயிற்சி நிலையத்தின் மேல்மாடியில் வகுப்பு நடக்கும். கீழே மெசின்கள் கடகடவென்று ஓட, மேலே நாங்கள் பெண்களின் கண்ணுக்குத் தெரியாத உழைப்பைப் பற்றிக் குறிப்பெடுப்போம்.

நான் முன்பள்ளி ஆசிரியை. விண்ணப்பப் படிவங்களில் 'ஏனைய தகைமைகள்' என்ற இடம் ஐந்து வருடமாகக் காலியாகக் கிடந்தது. அதை நிரப்பத்தான் சேர்ந்தேன், பெண்குலத்தை உயர்த்துவதற்கு அல்ல. ஆவணியில் எனக்குக் கல்யாணம் வேறு. அதற்கு முன் சான்றிதழ் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

படிப்பித்தவர் ஸாதியா மிஸ். கொழும்பிலிருந்து வருவார். கையேடும் கொழும்பிலிருந்தே வந்தது. முதல் பரீட்சையில் ஏழாம் கேள்வி இது: 'திருமணத்தின் பின் பிறந்த வீட்டை விட்டுப் போகிறவர் பெரும்பாலும் யார்?' கையேட்டின்படி விடை மணமகள். நாங்கள் இருபத்தாறு பேரும் 'மாப்பிள்ளை' என்று எழுதியிருந்தோம். பார்த்தெழுதினோம் என்று மிஸ் நினைத்தார். மற்றக் கேள்விகளுக்குப் பார்த்துத்தான் எழுதினோம், அதை மறைப்பானேன். ஏழாம் கேள்விக்கு மட்டும் ஒருவரும் மற்றவர் தாளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இருபத்தாறு பேருக்கும் பூச்சியம் போட்டுத் தாளைத் தந்தார்.

"யாருமே கையேட்டை வாசிக்கல்லையா?" என்று கேட்டார்.

ஏறாவூரிலிருந்து வரும் நஸ்ஹா தன் அக்காவின் கதையோடு எழும்பினாள். "மிஸ், எங்கட ராத்தாட மாப்பிள வரக்குள்ள ஒரு சூட்கேசும் ஒரு மேசை ஃபேனும்தான் கொண்டு வந்தார். வீடு ராத்தாட பேர்ல. ராத்தா எங்க போற?"

"இஞ்ச அப்பிடித்தான் மிஸ்," என்றேன் நானும். "வீடு பொம்புளப் புள்ளைக்கு. ஆம்புளதான் வாற. எங்கட அண்ணனும் மூணு வருசத்துக்கு முன்னம் சூட்கேசத் தூக்கிட்டு ஆரையம்பதிக்குப் போனவர்தான்."

வகுப்பு முழுக்க ஒரே பெருமை. கொழும்புக்குத் தெரியாத ஒன்று எங்களுக்குத் தெரிந்துவிட்டதே. வீடும் வளவும் எங்கள் பெயரில். பிறகு எங்களுக்கு என்ன அறிமுகம் வேண்டிக் கிடக்கிறது என்ற நினைப்பு.

மிஸ் கோபிக்கவில்லை. கொப்பியை எடுத்து நாங்கள் சொன்னதை எழுதிக்கொண்டார். பிறகு வீட்டு வேலை தந்தார். எங்கள் வீட்டை மூன்று தடவை படமாக வரைய வேண்டும்: நாங்கள் பிறந்தபோது, இன்று, எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு. ஒவ்வொன்றிலும் யார் எங்கே படுக்கிறார்கள், யாருடைய சாமான் எங்கே இருக்கிறது என்று குறிக்க வேண்டும்.

எனக்கு இது அல்வா சாப்பிடுவது மாதிரி. கல்யாணத்துக்குப் பிறகு எது எங்கே வரும் என்று மூன்று மாதமாக மனதுக்குள் அடுக்கிக்கொண்டுதானே இருந்தேன். அளவு நாடா பிடித்து அளந்தேன். முன்பள்ளிப் பிள்ளைகளின் வர்ணப் பென்சில்களை இரண்டு நாளுக்கு வாங்கி வந்தேன். முதல் படத்தில் பெரிய அறையில் அப்பா, அம்மா, அண்ணன், நான். கிணற்றடிப் பக்கம் தகரச் சீற் போட்ட சின்ன அறையில் அம்மம்மா. இரண்டாவது படத்தில் பெரிய அறையில் அப்பாவும் அம்மாவும். வாவிப் பக்கத்து யன்னல் அறையில் நான். சீற் அறையில் விறகும் தேங்காய் மட்டையும்.

மூன்றாவது படம்தான் என் கைவண்ணம். பெரிய அறையில் நானும் மாப்பிள்ளை நிதுர்ஷனும். யன்னல் அறையில் என் புத்தக அலுமாரி, அவருடைய சாமான் பெட்டிகள், பின்னாளில் பிள்ளைகள். விறாந்தையில் அப்பாவின் சாய்மனைக் கதிரையும் றேடியோவும். அதற்குப் பக்கத்தில் நிதுர்ஷனின் மோட்டார் சைக்கிள், மழைச் சாரல் படாத மூலையில். கல்குடாவில் படகு எஞ்சின் திருத்துகிற மனிதர். மோட்டார் சைக்கிளைக் கண்போல வைத்திருப்பார். அதனால் அதற்குச் சிவப்பு நிறம் தீட்டினேன்.

அடுத்த வகுப்பில் படங்களையெல்லாம் மிஸ் சுவரில் ஒட்டச் செய்தார். என்னுடைய படம்தான் துப்புரவாக இருக்கிறது என்றும் சொன்னார். நான் பணிவாக நிற்க முயன்றேன். அவர் விரலை மூன்றாவது படத்தில் அறை அறையாகக் கொண்டு போனார்.

"மேனுகா, அம்மா எங்க?"

நானும் பார்த்தேன். பெரிய அறையில் இல்லை. யன்னல் அறையில் இல்லை. விறாந்தையில் அப்பா இருந்தார், றேடியோ இருந்தது. மோட்டார் சைக்கிள் இருந்தது.

"இரிப்பா மிஸ்," என்றேன்.

"எங்க இருப்பா?"

"அங்கதான்... எங்கயாவது."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. மிஸ் அடுத்த படத்துக்குப் போனார். இருபத்தாறு பேருடைய மூன்றாவது படங்களில் பத்தொன்பதில் அம்மாவோ உம்மாவோ குசினி அடுப்படியிலும் பின்பக்கக் கொட்டிலிலும் இருந்தார்கள். ஏழு படங்களில் இல்லவே இல்லை. நஸ்ஹாவின் படத்தில் உம்மாவின் பாய் மட்டும் சுவரில் சாய்ந்து நின்றது. கீழே மெசின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மணமகள்னு கையேடு சொல்றதும் பிழை. மாப்பிள்ளைன்னு நீங்க எழுதினதும் பிழை," என்றார் மிஸ். "பூச்சியம் அப்படியே இருக்கட்டும். அந்தக் கேள்வியை மட்டும் திரும்ப எழுதிக் கொண்டு வாங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. மோட்டார் சைக்கிள் நனையக் கூடாதென்று மூலை பார்த்து வைத்தவளுக்குப் பெற்ற தாய் ஞாபகம் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது அந்தப் படத்தைச் சுருட்டி மடியில் வைத்திருந்தேன். விரித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா சீற் அறையிலிருந்து விறகை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். சுவரில் பாதிக்குச் சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது. வருகிற புதன்கிழமை நொத்தாரிசிடம் போய், அம்மா தன் பெயரிலுள்ள வீட்டை என் பெயருக்கு நன்கொடை உறுதிப் பத்திரம் எழுதித் தருவதாக ஏற்பாடு. அதற்குள் அம்மா தன்னைக் காலி பண்ணத் தொடங்கியிருந்தார்.

"கல்யாணத்துக்குப் பிறகு நீங்க எங்க படுக்கிற?" என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி மனே? இஞ்சதான்." விளக்குமாற்றால் அறையைக் காட்டினார். "உங்கட அம்மம்மா பத்து வருசம் இதுக்குள்ளதானே இரிந்தவ. ஒண்டும் நடக்கல்ல."

அம்மம்மா அதற்குள்ளேதான் செத்துப்போனார்.

"மழைக்கு ஒழுகும்."

"கார்த்திகை மார்கழியில மட்டும்தானே. எனக்கென்ன மனே, மூலையில ஒரு பாயப் போட்டாப் போதும்."

எனக்கென்ன என்பது அம்மாவின் வேதவாக்கு. மீனில் நடுத்துண்டா, சேலையில் புதுசா, எதைக் கேட்டாலும் எனக்கென்ன. நாங்களும் கேட்பதை நிறுத்திப் பல காலம். விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த அப்பா, தனக்கும் எங்கே என்றாலும் சரிதான் என்றார். சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பாமல்தான் சொன்னார்.

அன்றைக்குத்தான் கையேட்டை ஒழுங்காக வாசித்தேன். சொத்துரிமை பற்றிய பக்கத்தில் இரண்டு விஷயம் இருந்தது. வீட்டை நன்கொடையாக எழுதுகிறவர் தான் சாகும்வரை அதில் இருக்கும் உரிமையைத் தனக்கு ஒதுக்கி வைக்கலாம். அதற்குச் சீவிய உருத்து என்று பெயர். மற்றது, வாங்குகிறவர் ஏற்றுக்கொண்டு கையெழுத்து வைக்காவிட்டால் நன்கொடை நன்கொடையே இல்லை. கொழும்புக் கையேட்டைப் பற்றி நான் முன்னர் சொன்னவற்றில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அம்மாவின் தம்பி கோணாமலை மாமாவிடம் சொன்னேன். கல்யாணம் பேசி முடித்தவர் அவர். துள்ளிக் குதித்தார். "உருத்து வைச்ச உறுதி வில்லங்கம் புடிச்ச உறுதி. மாப்பிளப் பகுதி என்ன சொல்லும்?"

மாப்பிள்ளைப் பகுதிக்கு நானே போன் எடுத்தேன். நிதுர்ஷன் முழுவதையும் கேட்டார்.

"எங்கட அம்மா இப்ப தங்கச்சிட வீட்டுக் குசினியிலதான் படுக்கிறா," என்றார். "நான் ஒருநாளும் அத யோசிக்கல்ல. நீங்க எழுதுங்க." போனை வைக்கப் போகும்போது, "மோட்டார் சைக்கிள் விடுற இடம் அப்பிடியே இரிக்கும்தானே?" என்றார்.

ஒரே மூச்சில் முழு ஞானமும் வந்துவிடாது. வந்த வரைக்கும் போதும் என்று வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை நொத்தாரிசின் கந்தோரில் அம்மா, அப்பா, மாமா, நான். சாட்சிக்கு அவருடைய இலிகிதரும் மாமாவும். அம்மா நல்ல சேலை ஒன்றை எடுத்து உடுத்தியிருந்தார், கோயிலுக்குப் போகிறவர் மாதிரி. நொத்தாரிசு பழைய மாதிரியே எழுதி வைத்திருந்த உறுதியை வாசித்து முடித்துப் பேனையை நீட்டினார். அம்மா கைநீட்டுவதற்குள் நான் சொன்னேன்.

"இத நான் ஏற்க மாட்டன். அம்மாட சீவிய உருத்த வைச்சு எழுதினாத்தான் கையெழுத்து."

மாமா மேசையில் தட்டினார். ஆனால் மறித்து நின்றது மாமா அல்ல, அம்மா.

"மனே, மானத்த வாங்காத. எங்கட அம்மா எனக்கு முழுசாத்தான் தந்தவ. ஒரேயொரு பொம்புளப் புள்ளைக்கு இந்த இலட்சுமிப்பிள்ளை வீட்டக் குறைச்சுக் குடுத்தாள் எண்டு ஊர் கதைக்கும்."

"குறைச்சுத் தாங்க அம்மா. நான் குறைச்சுத்தான் வாங்குவன்."

"கல்யாணம்?"

"இது இல்லாட்டி அது இல்ல."

நிதுர்ஷனை எனக்குப் பிடித்திருந்தது; ஆவணிக்கு மண்டபமும் பேசியாகிவிட்டது. நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிள்ளை சொல்வது சட்டப்படி சரி, ஏற்காவிட்டால் இது வெறும் கடதாசிதான் என்றார். அப்பா முதல் தடவையாக வாயைத் திறந்தார். "எழுதுங்க ஐயா. அந்த அறை ஒழுகுறதுதான்." பத்து வருடம் அங்கே ஒழுகியது அவருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது.

அம்மா எழும்பிப் போகாமல் கதிரையிலேயே இருந்தார். அரை மணித்தியாலத்தில் புதிதாக அடித்து வந்தது. நொத்தாரிசு வாசித்தார்: "நன்கொடையாளராகிய இலட்சுமிப்பிள்ளை தமது சீவிய காலம் முழுவதும் மேற்படி வீட்டில் வசிக்கும் உருத்தைத் தமக்கென ஒதுக்கி வைத்துக்கொள்கிறார்."

"அந்த வரிய மட்டும் இன்னொருக்கா வாசிங்க ஐயா," என்றார் அம்மா.

வாசித்தார். அம்மா மூன்றாம் தடவையும் வாசிக்கச் சொன்னார். உதடு கூடவே அசைந்தது. பிறகு பேனையை எடுத்தார். திரும்பவும் கீழே வைத்தார்.

"ஐயா, சீற் அறையும் மேற்படி வீட்டுக்குள்ளதானே வரும்?"

"ஓம், வளவும் கட்டிடமும் எல்லாம் சேர்த்துத்தான்."

"அப்ப இப்பிடி எழுதினாலும் என்னய அதுக்குள்ள விடலாம்."

இது சட்டம் படித்தவருக்கும் படவில்லை, சான்றிதழ் படிக்கிற எனக்கும் படவில்லை. அம்மா மேசையைப் பார்த்தபடியே, மெதுவாகச் சொன்னார்.

"வாவிப் பக்கத்து யன்னல் அறை எண்டு போடுங்க. நான் இந்த வீட்டுக்குள்ள கல்யாணம் முடிச்ச நாளில இரிந்து அதுக்குத்தான் ஆசப்பட்டன். பெரிய அறையில காத்து வராது."

என் அலுமாரியும் நிதுர்ஷனின் பெட்டிகளும் வைக்க நான் குறித்திருந்த அறை. என்னுடைய இருபத்தாறு வயதில் முதல் தடவையாக அம்மா ஒன்றை வேண்டும் என்று சொல்லிக் கேட்டேன். அழுதேன். மறைக்கவும் இல்லை.

இலிகிதர் திரும்பவும் தட்டச்சு மெசினடிக்குப் போனார். அம்மா அவருக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"தம்பி, யன்னல் ரெண்டு. அதையும் போடுங்க."